அவுரித் தொட்டியில் நுண்ணுயிர்களின் கூட்டுவேலை

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளிலுள்ள புன்செய் நிலங்களுக்கு அவுரி புதிய பயிர் அன்று. பழைய தென்னாற்காடு ஜில்லா, சென்னை ராஜதானியில் நீலம் மிகுதியாக விளைந்த ஜில்லாக்களுள் ஒன்றாக விளங்கிற்று. அவுரியிலிருந்து எடுத்த நீலக் கட்டிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. புதுச்சேரியில் நீலமேற்றப்பட்ட கினித் துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் தேசம் வரை விலைபோயிற்று. 1880-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரசாயன நிபுணராகிய அடால்ஃப் ஃபான் பேயர் நீலத்தைச் செடியின்றியே உண்டாக்கும் வழியைக் கண்டார். 1897-ஆம் ஆண்டில் பி.ஏ.எஸ்.எஃப். என்னும் கம்பெனியார் அப்பொருளை ஆலையில் மலிவாகச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தனர். பின்னர்ச் சில ஆண்டுகளுக்குள் அவுரி நிலங்கள் சுருங்கின. மல்லாட்டை என்று இப்பகுதியார் வழங்கும் மணிலாக்கொட்டையே புன்செயின் முதற்பயிராக நிலைத்தது.

விலை ஒன்றே அவுரியைத் தோற்கடித்தது என்பது முழு உண்மையாகாது. ஆலை நீலம் எப்பொழுது வாங்கினும் ஒரே தரமாக இருந்தது. தொட்டி நீலமோ பெட்டிக்குப் பெட்டி வேறுபட்டது. ஒரே நிலத்தில் ஒரே நாளில் அறுத்த செடியை இரண்டு தொட்டிகளில் ஊறவைத்தால், ஒன்றில் நல்ல நீலமும் மற்றொன்றில் பழுப்புக் கலந்த நீலமும் கிடைப்பதுண்டு. சாயக்காரர் எதை நம்பி வாங்குவர்?

இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. இயற்கைச் சாயத்தை விரும்புவோர் இப்பொழுது உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் பெருகியுள்ளனர். திண்டிவனத்தைச் சுற்றிய ஊர்களில் அவுரி பயிராகி, அங்கேயே நீலம் எடுக்கப்பட்டு ஏற்றுமதியாகிறது. ஆரோவில்லில் புளிக்கவைத்த சாலில் துணிக்கு நீலமேற்றும் பட்டறையும் உண்டு. வாங்குவோர் கட்டியின் எடையை மட்டும் பாராமல், அதில் உண்மையான நீலப்பொருள் நூற்றுக்கு எத்தனை என்று பரிசோதித்தே விலை வைக்கின்றனர். ஒரு முறை கைநழுவிய சந்தை மறுபடியும் நழுவுமா, நிற்குமா என்பது பெரும்பாலும் ஊறல் தொட்டிக்குள் நடப்பதைப் பொறுத்தது. அங்கு நடப்பது, கண்ணுக்குத் தெரியாத பலவகை நுண்ணுயிர்கள் கூடிச் செய்யும் வேலையாகும்.

ஊறல் தொட்டி

அவுரி இலையில் நீலம் நீலமாகவே இருப்பதில்லை. இண்டிகான் என்னும் நிறமற்ற பொருளாகச் சர்க்கரையோடு பிணைந்திருக்கிறது. அப்பிணைப்பை அறுக்கவல்ல நொதி ஒன்றும் இலையிலேயே உண்டு. இலை உயிரோடிருக்கும் வரையில் இரண்டும் தனித்தனி அறைகளில் இருப்பதால் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. செடியை அறுத்துத் தொட்டியில் அடுக்கி, மிதவாதபடி மரங்களை வைத்து அழுத்தி, மேலே நீர் நிற்குமாறு விட்டபின், இலை சிதைந்து இரண்டும் கலக்கின்றன. இண்டிகானிலிருந்து சர்க்கரை பிரிகிறது. இண்டாக்ஸில் என்னும் பொருள் நீரில் கரைகிறது. நீர் மஞ்சள் கலந்த பச்சை நிறம் பெறுகிறது. வெயிலின் கடுமைக்கேற்ப இதற்கு 10 முதல் 16 மணி நேரம் செல்லும்.

பிறகு அந்நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, காலாலோ துடுப்பாலோ பொறியாலோ அடித்துக் கலக்குவர். காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன் இரண்டிரண்டு இண்டாக்ஸில் அணுத்திரள்கள் இணைந்து, நீரில் கரையாத நீலமாகிக் கீழே படிகின்றன. படிந்த வண்டலைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, கட்டியாக அறுத்து நிழலில் உலர்த்துவர். பழைய நீலத் தொழிற்சாலைகளில் நூறு மணங்குப் பச்சைச் செடிக்குக் கால் மணங்கு நீலம் கிடைத்தால் அது நல்ல பலன் என்று கருதப்பட்டது. செடியின் எடையோடு ஒப்பிட்டால் பலன் இவ்வளவு சிறிது. ஆகவே இடையில் வீணாகும் ஒவ்வொரு பங்கும் கணக்கில் பெரிதாகவே தெரியும்.

இங்ஙனம் சொன்னால் நுண்ணுயிருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். விஞ்ஞானிகளுக்கும் அவ்வாறே தோன்றிற்று. 1887-ஆம் ஆண்டில் அல்வாரெஸ் என்பவர், நீலத்தை உண்டாக்குவது ஒரு தனிப்பட்ட பாக்டீரியாவே என்று எழுதி அதற்குப் பெயரும் இட்டார். 1904-ஆம் ஆண்டில் பெர்க்தைல் என்னும் பாக்டீரியா நிபுணர் அதனை மறுத்து, இலையின் நொதி ஒன்றே போதும் என்றார். பின்னர் 1914-ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலக யுத்தத்தால் ஜெர்மன் சாயம் வருவது நின்று, நம் நாட்டு நீலத்துக்குச் சிறிது காலம் மறுவாழ்வு கிடைத்தது. அப்பொழுது பீகாரிலிருந்த பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், நீல ஆராய்ச்சிக்கென நியமிக்கப்பட்ட டேவிஸ் என்னும் ரசாயன நிபுணரும், பாக்டீரியா நிபுணராகிய ஹட்சின்சனும் தொட்டி நீரை ஆராய்ந்தனர். ஊறலின் பலன் கூடுவதும் குறைவதும் தொட்டியில் வளரும் பாக்டீரியாக்களைப் பெரிதும் பொறுத்தது என்று ஹட்சின்சன் வற்புறுத்தினார்.

இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால், வழக்கிட்ட இரு கட்சியாரும் உண்மையில் ஒவ்வொரு பாதியைக் கண்டிருந்தனர் என்பது விளங்கும். பிணைப்பை அறுக்கும் வேலையை இலையின் நொதி தொடங்குகிறது. அந்நொதிக்கு எட்டாமல் எஞ்சிய இண்டிகானைச் சில பாக்டீரியாக்கள் தம்மிடமுள்ள அதே வகை நொதியால் அறுக்கின்றன. பிரியும் சர்க்கரையே அவற்றுக்குக் கூலி. காற்றை விரும்பும் வேறு பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை முதலிலேயே உட்கொண்டுவிடுகின்றன. இது சிறு உதவியன்று. பிராணவாயு எஞ்சியிருந்தால் இண்டாக்ஸில் இலையின் மீதே நீலமாகிப் படிந்து, சக்கையோடு போய்விடும். காற்றற்ற இடத்தில் வாழ்வன அதன் பிறகே பெருகுகின்றன. அவை சர்க்கரையைப் புளிக்கச் செய்து அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. குமிழிகள் மேலெழுவது இதனால்தான். சற்றுப் புளித்த நீரில் இண்டாக்ஸில் கெடாமல் அதிக நேரம் நிற்கும். ஒருவகை அறுத்துக் கொடுக்க, ஒருவகை காற்றை நீக்க, ஒருவகை புளிப்பை ஊட்ட, வேலை முடிகிறது. தனி ஒன்றால் இது ஆகாது.

நேரம் கடந்தால் இதே கூட்டம் பகையாகிவிடும். சர்க்கரை தீர்ந்தபின் இலையின் புரதத்தை உண்ணும் வகைகள் மேலோங்குகின்றன, நாற்றம் எழுகிறது, இண்டாக்ஸில் சிதைந்து நீலமாகாத பொருள்களாக மாறுகிறது, பழுப்புப் பொருள் கரைந்து கட்டியின் தரத்தைக் கெடுக்கிறது. இரண்டு மணி நேரத் தாமதம் ஒரு நாள் அறுவடையின் விலையைக் குறைத்துவிடக்கூடும்.

இத்தகைய முறைமாற்றம் இல்லத்தரசிகள் அறியாததன்று. இட்லி மாவு இரவில் பொங்குவதை ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், லூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா முதலில் பெருகி வாயுவை உண்டாக்கி மாவை உயர்த்துவதும், வேறு பாக்டீரியாக்கள் அதனோடு சேர்ந்தும் தொடர்ந்தும் புளிப்பை ஏற்றுவதும் காட்டப்பட்டன. மாவு பொங்கியவுடன் சுட்டால் இட்லி. மறுநாள் மாலை வரை விட்டால் அதே மாவு நாவுக்கு ஆகாது. ஊறல் தொட்டிக்கும் இந்த நேரக்கணக்கே பொருந்தும்.

சாயச்சால்

நீலம் நீரில் கரையாது. கரையாத பொருளைத் துணி ஏற்காது. ஆகவே சாயக்காரர் நீலக் கட்டியை அரைத்து, காரநீரில் இட்டு, மீண்டும் கரையும் வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். இக்காலப் பெரிய ஆலைகள் இதனைச் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்னும் உப்பினால் சில நிமிஷங்களில் செய்துவிடுகின்றன. அதன் கழிவு கந்தக உப்புக்கள் நிறைந்தது. பழைய முறையில் இவ்வேலையையும் பாக்டீரியாக்களே செய்தன.

தென்னாட்டுச் சாயக்காரர் தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் உவர்மண்ணும் கரைத்த தெளிநீரில் கூட்டி, நீலத்தை அதில் இட்டு, சாலை மூடிவைப்பர். சில நாட்களில் மேற்பரப்பில் செம்பு நிறமான ஏடும் நீல நுரையும் தோன்றும். ஏட்டை விலக்கினால் கீழே நீர் மஞ்சட்பச்சையாக இருக்கும். அதில் தோய்த்தெடுத்த நூல் காற்றில் விரித்தவுடன் பச்சையிலிருந்து நீலமாக மாறுவதைக் காணலாம்.

சாலில் உள்ள நீரின் காரம் மிகக் கடுமையானது. சாதாரணப் பாக்டீரியா அதில் பிழைப்பதில்லை. காரத்தை விரும்பும் சிறப்பு வகைகளே அங்கு வாழ்கின்றன. ஐரோப்பாவில் பண்டு வழங்கிய வோட் என்னும் நீலச்செடியின் தொட்டியிலிருந்து, இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1999-ஆம் ஆண்டில் அதற்குக் கிளாஸ்டிரிடியம் ஐசாடிடிஸ் என்று பெயரிட்டனர். ஜப்பானில் யூமோத்தோவும் அவருடன் உழைத்தோரும் அந்நாட்டு நீலத் தொட்டிகளிலிருந்து அல்கலிபாக்டீரியம் முதலிய பல வகைகளைப் பிரித்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுள் நம்மவர் மனங்கொள்ளத் தக்கது யாதெனில், தொட்டியில் முதல் நாள் இருக்கும் கூட்டமும் பின்னர் இருக்கும் கூட்டமும் ஒன்றல்ல என்பதே. பிராணவாயுவைத் தீர்ப்பன முன்னே வருகின்றன. அவை இடத்தைச் செவ்வை செய்தபின்னரே நீலத்தைக் கரைக்கவல்லவை தலையெடுக்கின்றன. முன்னவை வாராமல் பின்னவை மட்டும் இருந்தால் சால் எழும்பாது.

தகரை விதையைப் பற்றியும் ஒரு சொல். நீலம் கரையாத துகள் ஆதலால் பாக்டீரியா அதனை உட்கொள்ள இயலாது. தன் உடலுக்கு வெளியே இருக்கும் துகளுக்கு மின்னணுக்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆந்திரகுவினோன் என்னும் வகைப் பொருள்கள் இதற்குத் தூதுபோல உதவுகின்றன என்று மேற்சொன்ன ஐரோப்பியப் பாக்டீரியாவைக் கொண்டு காட்டப்பட்டுள்ளது. தகரை விதையில் அவ்வகைப் பொருள்கள் உண்டு. விதை பாக்டீரியாவுக்கு உணவு மட்டும் அன்றித் தூதும் ஆகிறது என்று கொள்ள இடமிருக்கிறது. கைத்தொழிலாளர் காரணம் கேளாமல் கைக்கொண்ட பக்குவங்களை மூடவழக்கம் என்று தள்ளிவிடலாகாது.

சால் எழும்பாமைக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். சுண்ணாம்பு மிகுந்தால் பாக்டீரியாக்கள் செயலற்றுப் போகும். குறைந்தால் நீர் புளித்து அழுகும். ஒரே நாளில் அளவுக்கு மேல் துணியைத் தோய்த்தால், துணியோடு உட்புகும் காற்று கூட்டத்தைக் கலைத்துவிடும். அப்பொழுது சிறிது தவிடோ வெல்லமோ இட்டு, சூடு காத்து, ஓரிரு நாள் ஓய்வு கொடுப்பதே மருந்து. புதிய சால் கூட்டும்போது நன்கு நடக்கும் பழைய சாலிலிருந்து சிறிது நீர் எடுத்து உறையாக ஊற்றுவது பல தேசத்துச் சாயக்காரருக்கும் பொதுவான வழக்கம். அதில் கூட்டம் முழுவதும் கூடவே வந்துவிடுகிறது.

விஞ்ஞானிகள் அமைக்கும் கூட்டங்கள்

இதுகாறும் கூறியவை தாமாகக் கூடிய கூட்டங்கள். அண்மைக் காலத்தில் விஞ்ஞானிகள் வேண்டிய பாக்டீரியாக்களைத் தெரிந்தெடுத்து, அல்லது அவற்றின் மரபணுக்களைத் திருத்தி, தாமே கூட்டம் அமைத்துத் தொழிற்சாலை வேலைகளுக்கு ஏவ முயல்கின்றனர். அம்முயற்சியும் ஒரு பாக்டீரியாவை மட்டும் நம்பியே முதலில் தொடங்கிற்று. நீலமே அதற்கு ஓர் உதாரணம். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் என்ஸ்லி என்பவரும் கூட்டாளிகளும், இரசகற்பூரம் போன்ற நாப்தலீன் பொருளைச் சிதைக்கும் மரபணுக்களை ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் ஏற்றியபோது, எதிர்பாராத வகையில் குடுவை நீலமாயிற்று. செடியும் இன்றி, நிலக்கரித் தாரும் இன்றி, நீலம் பிறந்தது. ஆயினும் ஓர் உயிரின் மேல் வேலைகளைச் சுமத்திக்கொண்டே போனால் அது வளர்ச்சி குன்றி, சுமையை உதறிவிட வழிதேடும். ஒரே ஆளிடம் ஏரும் மடையும் களமும் கணக்கும் ஒப்படைத்த பண்ணையின் கதி இது.

வேலையைப் பகிர்ந்தளித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீன தேசத்தார் காட்டிய வழி பெரிது. 1970-களில் அவர்கள் வைட்டமின் சி உற்பத்திக்கு இரு பாக்டீரியாக்களைச் சேர்த்து வளர்க்கும் முறையை நிலைநாட்டினர. அவற்றுள் ஒன்றாகிய கீட்டோகுலோனிசிஜீனியம், வேண்டிய பொருளைச் செய்யவல்லது. ஆனால் தனியே விட்டால் மிகவும் நலிந்து வளரும். பேசில்லஸ் மெகாடீரியம் என்னும் மற்றொன்று அப்பொருளைச் செய்யாது. ஆயினும் தன் உடலிலிருந்து வெளிவிடும் சத்துக்களால் முன்னதை ஊட்டி வளர்க்கிறது. உலகச் சந்தையில் விற்கும் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி இத்தகைய கூட்டு முறையில் செய்யப்படுவதே.

2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இன்னும் ஒரு படி சென்றனர். டாக்ஸால் என்னும் புற்றுநோய் மருந்தின் வகையைச் சேர்ந்த பொருள்களைச் செய்ய, வழியின் முற்பாதியை ஈ. கோலைக்கும் பிற்பாதியை ஈஸ்டுக்கும் பங்கிட்டனர். இரண்டையும் ஒரே கலத்தில் வாழவைக்க அவர்கள் செய்த உபாயமே கவனிக்கத் தக்கது. உணவாக ஸைலோஸ் என்னும் சர்க்கரை இடப்பட்டது, அதனை ஈ. கோலை மட்டுமே உண்ணும். உண்டு அது அசிட்டேட் என்னும் கழிவை வெளிவிடும். அக்கழிவு மிகுந்தால் அதற்கே கேடு. ஈஸ்டுக்கோ அந்தக் கழிவு ஒன்றே உணவு. ஒன்றின் எச்சில் மற்றதன் சோறாயிற்று. சோறு உண்பது எச்சிலிட்டதைக் காப்பதும் ஆயிற்று. இரண்டில் எதுவும் மற்றதை விஞ்சி வளர்ந்து கலத்தைத் தன்னதாக்கிக்கொள்ள இயலவில்லை.

கூட்டத்துக்கு நேரும் பெருந்தீங்கு, உழைக்காமல் உண்பவை தோன்றுவது. வெளியே விடப்பட்ட சத்து எல்லோருக்கும் பொதுவாதலால், தான் ஒன்றும் வெளிவிடாமல் பிறர் விட்டதை மட்டும் உண்ணும் வகை தோன்றினால், சுமையின்மையால் அது விரைந்து பெருகும். ஏரிக் குடிமராமத்துக்கு ஆள் அனுப்பாமல் மடைத்தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்பவனுக்கு ஒப்பு இது. அவன் ஒருவனாக இருக்கும் வரையில் ஏரி தாங்கும். ஊரில் பாதிப்பேர் அவ்வாறாயின் கரை நில்லாது. 2007-ஆம் ஆண்டில் ஷோ என்னும் அம்மையாரும் கூட்டாளிகளும், ஒன்றுக்கு வேண்டிய சத்தை மற்றது செய்து கொடுக்கும்படி இரண்டு ஈஸ்டு வகைகளை அமைத்து, ஒன்றின்றி ஒன்று வாழ முடியாத கூட்டு எங்ஙனம் நிலைக்கும் என்று ஆராய்ந்தனர். கூட்டாளிகளை அருகருகே நிலைக்கச் செய்வதும் ஓர் உபாயம். கொடுத்த சத்து தொலைவிலுள்ள சோம்பேறிக்குப் போகாமல் பக்கத்திலுள்ள கூட்டாளிக்கே சேரும். தொட்டிச் சுவரிலும் தண்டுகளிலும் வழுவழுப்பாகப் படியும் ஏட்டில் பாக்டீரியாக்கள் வாழ்வது இவ்வகையில்தான்.

தொட்டி வைத்திருப்போர் செய்யக்கூடியவை

விலையுயர்ந்த கருவி எதுவுமின்றியே இந்த அறிவிற் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம்.

அறுத்த செடி அன்றே தொட்டிக்கு வர வேண்டும். பூக்கத் தொடங்கும் பருவத்தில் அதிகாலையில் அறுத்து, குவியலாக வெயிலில் கிடத்தாமல் கொணர்வது நன்று; குவியல் சூடேறினால் வேலை தொட்டிக்கு வெளியே தொடங்கிவிடும். தொட்டியில் பழைய சக்கையும் அழுகல் சேறும் இருத்தலாகாது. ஆனால் பிளீச்சிங் பவுடர் போன்ற கடுமையான கிருமிநாசினியிட்டுச் சுவரைத் தேய்ப்பதும் தவறு. சேற்றைக் களைந்து நல்ல நீரால் அலம்பினாற் போதும். கழனிக்கு மருந்தடித்த கருவிகளைத் தொட்டி நீரில் கழுவுவோர் சிலர் உண்டு. அவர்களைத் தொட்டியருகே அணுகவிடாதிருப்பதே நலம்.

ஊறல் முதிர்ந்ததை மணிக்கணக்கால் மட்டும் அறிய முற்படுவது சரியன்று. குளிர்ந்த மார்கழி இரவும் கோடை இரவும் ஒன்றாகா. எட்டாம் மணி முதல் மணிக்கொரு முறை ஒரு கண்ணாடிப் புட்டியில் தொட்டி நீரைப் பாதியளவு எடுத்து, சிட்டிகைச் சுண்ணாம்பிட்டு நன்கு குலுக்கி, வரிசையாக வைத்துவர வேண்டும். படியும் நீலம் ஒவ்வொரு புட்டியிலும் முன்னதைவிட மிகுந்து வரும். எப்புட்டியில் மிகுதி நின்றதோ அந்த நேரமே நீரை இறக்கத் தக்க நேரம். அதற்குப் பின் எடுத்த புட்டிகளில் படிவு குறைந்து நிறம் மங்குவதையும் காணலாம்.

உறையிடுவதால் தம் தொட்டிக்கு நன்மை உண்டா என்று அறிய விரும்புவோர் ஒரே அளவுள்ள இரண்டு பானைகளைக் கொண்டு பார்க்கலாம். இரண்டிலும் ஒரே கட்டுச் செடியைச் சம எடையாகப் பிரித்து இட வேண்டும். ஒன்றில் கிணற்று நீர் மட்டும். மற்றதில் பத்தில் ஒரு பங்கு, முந்திய நாள் நன்கு முதிர்ந்த ஊறலிலிருந்து அடிப்பதற்கு முன் எடுத்த நீர். முதிர்ந்த நேரம், உலர்ந்த நீலத்தின் எடை, அதன் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒரு நாளோடு விடாமல் பல நாள் செய்து பார்த்தபின்பே முடிவு செய்வது தகும். நாற்றமெடுத்த ஊறலிலிருந்து உறை எடுத்தால் கெட்ட கூட்டமே தொடரும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

எடை கூட்டுவதற்காகக் களிமண்ணோ மிகுதியான சுண்ணாம்போ கலப்பவர் முற்காலத்திலும் இருந்தனர். நீலப்பொருளின் அளவைக் கண்டு விலை வைக்கும் இக்காலத்தில் அதனால் நஷ்டமே. அதனினும் கேடு, ஓர் ஊரின் ஒரு மூட்டையால் அவ்வூர் முழுவதன் பெயரும் கெடுவது.

அவுரி நிலத்துக்குச் செய்வதையும் இங்குக் குறிக்க வேண்டும். அது பயறு இனத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுக்களில் வாழும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக ஆக்கிக்கொடுக்க, செடி அதற்குச் சர்க்கரை அளிக்கிறது. 1888-ஆம் ஆண்டில் அந்த முடிச்சுப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டிய ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க், பின்னர் நீலச்செடிகளிலிருந்து நீலம் தோன்றும் விதத்தையும் ஆராய்ந்தவர். 1940-ஆம் ஆண்டில் டி.எம்.வி. 2 என்னும் மணிலாக்கொட்டை ரகத்தை அளித்த திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தைச் சூழ்ந்த குடியானவர்களுக்கு, ரைசோபியத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையோடு புரட்டி நிழலில் உலர்த்தி விதைக்கும் முறை தெரிந்ததே. ஒன்று தழைச்சத்தையும் மற்றது மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தையும் செடிக்குச் சேர்ப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. பூஞ்சாண மருந்தையும் நுண்ணுயிர் உரத்தையும் ஒரே வேளையில் விதையில் ஏற்றினால் காசு கொடுத்து வாங்கிய உயிர்களைக் கையாலேயே கொன்றதாகும். நீலம் எடுத்த சக்கையை எருக்குழியில் மட்கவைத்துப் புன்செய்க்கே திருப்பிவிட்டால், அவுரிக்குப் பின் வரும் கம்புக்கும் கேழ்வரகுக்கும் அதன் பலன் தெரியும்.

கிராம அலுவலர்கள் அவுரி பயிரிட்ட புலங்களை அடங்கலில் அப்பெயரிலேயே பதிந்துவருவது, கடனுக்கோ நிவாரணத்துக்கோ குடியானவர் மனுச் செய்யும் காலத்தில் உதவும். தொட்டிக் கழிவையும் அவர்கள் கவனிக்க வேண்டும். அடிப்புத் தொட்டியில் நீலம் படிந்தபின் மேலே தெளியும் நீர், சுண்ணாம்பு மிகுதியாக இட்டதாக இல்லாவிடின், வயலுக்குப் பாய்ச்சத் தக்கது. சாயச்சாலின் நீர் அப்படியன்று. அதன் காரம் மீனையும் மாட்டையும் வருத்தும். அதனை ஊர்க்குளத்திலோ குடிநீர்க் கிணற்றுக்கு அருகிலோ விடாமல் தனிக்குழியில் தேக்கி, காரம் தணிந்தபின்பே அப்புறப்படுத்துமாறு பட்டறைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும்.